பெருங்குடல் புற்றுநோய் கீமோ: கை கால் நரம்புகளைக் காப்பாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ தொடங்கும் குடும்பங்கள் வாந்தியைப் பற்றியும் முடி கொட்டுவதைப் பற்றியும்தான் அதிகம் கேட்கிறார்கள். வாந்திக்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. இந்தக் கீமோவில் முடி மெலியுமே தவிர, பெரும்பாலும் முழுதாகக் கொட்டுவதில்லை. ஆனால் சிகிச்சை முடிந்து ஓரிரு வருடம் ஆன பிறகும் சட்டைப் பொத்தானைப் போட முடியாதவர்கள் இருக்கிறார்கள். காலில் செருப்பு இருக்கிறதா கழன்றுவிட்டதா என்று குனிந்து பார்த்து நடப்பவர்கள் இருக்கிறார்கள். நோய் போய்விட்டது, நரம்புப் பாதிப்பு மட்டும் தங்கிவிட்டது. இதைக் குறைக்க நிறையச் செய்ய முடியும். செய்ய வேண்டிய காலம் கீமோ நடக்கும் அந்தச் சில மாதங்கள்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நரம்புப் பாதிப்பு வராமல் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரையோ ஊசியோ இன்றுவரை கிடையாது. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதைத்தான் சொன்னது. 2020-இல் புதுப்பித்தபோதும் அந்த முடிவு மாறவில்லை. நரம்பைக் காப்பவை இரண்டு: உடலுக்குள் போகும் மருந்தின் மொத்த அளவு தேவைக்கு மேல் போகாமல் பார்ப்பது, அறிகுறியை ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் சொல்வது. இந்த வழிகாட்டி முழுவதும் இந்த இரண்டையும் சுற்றித்தான் இருக்கும்.

எந்த மருந்து, என்ன செய்கிறது?

பெருங்குடல் கீமோவில் நரம்பைப் பாதிப்பது பெரும்பாலும் ஒரே மருந்து: ஆக்ஸாலிபிளாட்டின். பிளாட்டினம் என்ற உலோகத்தை அடிப்படையாகக் கொண்டது. இதை இரண்டு கூட்டுகளில் கொடுக்கிறார்கள். ஃபால்ஃபாக்ஸ் என்பது 2 வாரத்துக்கு ஒரு முறை. இதில் ஃபைவ் எஃப்யூ என்ற மருந்தை 46 மணி நேரம் பம்ப் வழியாக ஏற்றுவார்கள். கேபாக்ஸ் என்பது 3 வாரத்துக்கு ஒரு முறை. ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றிய பின் 14 நாள் கேபசிட்டபின் மாத்திரை வீட்டிலேயே சாப்பிட வேண்டும். உடல் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஆக்ஸாலிபிளாட்டின் ஃபால்ஃபாக்ஸில் வழக்கமாக 85 மில்லிகிராம், கேபாக்ஸில் 130 மில்லிகிராம்.

இந்த மருந்து நரம்பை இரண்டு விதமாகத் தாக்குகிறது. இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது, உடனே வருவது. மருந்து ஏறிய சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் தொடங்கும். குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் நுனியில் மின்சாரம் பாய்வது போலிருக்கும். குளிர்ந்த தண்ணீரை விழுங்கினால் தொண்டை இறுகும். முதல் கவளத்தை மெல்லும்போது தாடை இழுத்துப் பிடிக்கும். கையோ காலோ சுளுக்கிக்கொள்ளும். மருந்திலிருந்து பிரியும் ஆக்ஸலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு நரம்புகளின் சோடியம் வாயில்களைக் குழப்புவதுதான் இதற்குக் காரணம் என்று கருதுகிறார்கள். பெரும்பாலும் அடுத்த சைக்கிளுக்குள், அதாவது அடுத்த சுற்று மருந்து ஏற்றுவதற்குள், போய்விடும்.

இரண்டாவது, மெதுவாகச் சேர்வது. முதுகுத் தண்டை ஒட்டியுள்ள உணர்வு நரம்பு முடிச்சுகளில் பிளாட்டினம் சைக்கிளுக்குச் சைக்கிள் படிந்து அந்தச் செல்களைப் பாதிக்கிறது. அந்தச் செல்களிலிருந்து மிக நீளமாக ஓடும் இழைகள் கால்விரல்களுக்கும் கைவிரல்களுக்கும் போகின்றன. அதனால்தான் மரத்துப்போவது அங்கே தொடங்குகிறது. இதற்குக் குளிர் தேவையில்லை. இரண்டு சைக்கிளுக்கு நடுவிலும் போகாது. நீண்ட நாள் தங்குவது இதுதான். ஒருவருக்கு ஏறிய மொத்த அளவு சதுர மீட்டருக்கு 780 முதல் 850 மில்லிகிராமைத் தொடும்போது சுமார் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு இது கடுமையான நிலைக்குப் போகிறது. ஃபால்ஃபாக்ஸ் 12 சைக்கிளும் முழு அளவில் போட்டால் மொத்தம் சதுர மீட்டருக்கு 1,020 மில்லிகிராம். இப்போது புரியும், ஏன் மொத்த அளவைப் பற்றியே பேசுகிறேன் என்று.

படி 1: கீமோ தொடங்கும் முன் "எத்தனை மாதம்?" என்று கேளுங்கள்

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான படி இதுதான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு 6 மாதம் கீமோ என்பதுதான் பல வருடமாக வழக்கமாக இருந்தது. 3 மாதம் போதுமா என்று பார்க்க 12 நாடுகளில் நடந்த 6 ஆய்வுகளை, மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய் (நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியது, வேறு உறுப்புக்குப் பரவாதது) உள்ள 12,834 நோயாளிகளின் விவரங்களோடு, ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். ஐடியா என்று பெயர். முடிவு 2018-இல் வெளிவந்தது.

அன்றாட வேலைக்கு இடையூறாகும் அளவிலோ அதற்கு மேலோ நரம்புப் பாதிப்பு வந்தவர்கள் ஃபால்ஃபாக்ஸில் 6 மாதம் போட்டவர்களிடையே 47.7 சதவீதம், 3 மாதம் போட்டவர்களிடையே 16.6 சதவீதம். கேபாக்ஸில் 44.9 சதவீதமும் 14.2 சதவீதமும். அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. எந்த மாத்திரையும் இதற்குக் கிட்டக்கூட வந்ததில்லை. நோய் திரும்பாமல் 3 வருடம் இருந்தவர்கள் 3 மாதக் குழுவில் 74.6 சதவீதம், 6 மாதக் குழுவில் 75.5 சதவீதம்.

ஆனால் இதை எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருத்த முடியாது. கட்டி குடல் சுவரை முழுக்கத் துளைக்காமல், 1 முதல் 3 நிணநீர் முடிச்சுகளில் மட்டும் நோய் இருந்தவர்களுக்கு 3 மாத கேபாக்ஸ் 6 மாதத்துக்கு இணையாக நின்றது. கட்டி குடலின் வெளிப்புறம் வரை ஊடுருவியவர்களுக்கும், 4 அல்லது அதற்கு மேற்பட்ட முடிச்சுகளில் பரவியவர்களுக்கும் 6 மாதம் வேண்டுமா என்று மருத்துவர் தனியாக யோசிப்பார். இன்னொன்று, இந்த ஆய்வு பெருங்குடலுக்கானது. மலக்குடல் புற்றுநோய்க்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

பயாப்சி ரிப்போர்ட்டையும் அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த பேத்தாலஜி ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், எங்களுக்கு 3 மாதம் போதுமா, 6 மாதம் வேண்டுமா? ஆக்ஸாலிபிளாட்டின் கட்டாயம் வேண்டுமா, கேபசிட்டபின் மட்டும் போதுமா?" இரண்டாவது கேள்வி 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் இரண்டாம் நிலை (நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவாத) நோயாளிகளுக்கும் மிகவும் பொருந்தும். அவர்களுக்கு ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பலன் அவ்வளவு உறுதியானதாக இல்லை. கேட்டால் மருத்துவர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். இது அவர்கள் வழக்கமாக எடைபோடும் விஷயம்தான்.

நோய் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவி, நீண்ட நாள் கீமோ தேவைப்படுபவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. சில மாதம் ஆக்ஸாலிபிளாட்டின் கொடுத்துக் கட்டி சுருங்கியதும் அதை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற மருந்துகளைத் தொடர்வார்கள். தேவைப்பட்டால் பிறகு மறுபடி தொடங்குவார்கள். பிரெஞ்சு மருத்துவர்கள் முன்னெடுத்து 2006-இல் வெளியான ஆப்டிமாக்ஸ் ஆய்வு, இப்படி நடுவில் நிறுத்துவதால் நோய்க் கட்டுப்பாடு குறையவில்லை என்று காட்டியது. இரினோடிகான் என்ற மாற்று மருந்தும் உண்டு. அது இப்படி நரம்பைத் தாக்காது. ஆனால் வயிற்றுப்போக்கும் முடி கொட்டுவதும் அதில் அதிகம்.

படி 2: ஏற்கெனவே நரம்பு பலவீனமா என்று பாருங்கள்

சர்க்கரை நோய் உள்ளவர்களில் பலருக்குக் கீமோவுக்கு முன்பே கால் லேசாக மரத்திருக்கும். அவர்களே அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். முதல் சைக்கிளுக்கு முன் இவற்றை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்: சர்க்கரை நோய், மது, தைராய்டு, முன்பு தொழுநோய்க்கோ காசநோய்க்கோ சிகிச்சை எடுத்தது, கை கால் எரிச்சல் ஏற்கெனவே இருப்பது.

வைட்டமின் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பி12 குறைந்தாலே கை கால் மரத்துப்போகும். அதுவும் கீமோவும் சேர்ந்தால் எது எதனால் வந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. சுத்த சைவக்காரர்கள், பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்கள், வலப்பக்கப் பெருங்குடலோடு சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் வெட்டி எடுத்தவர்கள் ஆகியோரிடம் இந்தக் குறை அதிகம். பி12 உடலில் சேரும் இடமே அந்தக் கடைசிப் பகுதிதான். குறை இருந்தால் ஊசியோ மாத்திரையோ போட்டுச் சரிசெய்துவிடலாம். குறை இல்லாதவர்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பதால் நரம்பு காப்பாற்றப்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. ஆக்ஸாலிபிளாட்டினை உப்பு சலைனில் கலக்கக் கூடாது, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலில்தான் ஏற்றுவார்கள். அதோடு வாந்திக்கு டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். இரண்டும் சேர்ந்து அன்றும் மறுநாளும் சர்க்கரையை ஏற்றும். வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: முதல் சைக்கிளுக்கு முன் வீட்டில் ஒரு பதிவு

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கீமோ தொடங்கும் முன் இவற்றைச் செய்து பார்த்து எழுதி வையுங்கள்: கண்ணை மூடிக்கொண்டு ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களை விரலால் தடவி அடையாளம் சொல்வது, தட்டில் பரப்பிய அரிசியில் கல் பொறுக்குவது, சட்டைப் பொத்தானைப் பார்க்காமல் போடுவது, கையெழுத்துப் போடுவது, சுவரை ஒட்டி, தேவைப்பட்டால் பிடித்துக்கொள்ளும்படி, ஒற்றைக் காலில் நிற்பது. ஒவ்வொரு சைக்கிளுக்கும் முந்தின நாள் இதையே திரும்பச் செய்து எழுதுங்கள்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. "எப்படி இருக்கீங்க?" என்று மருத்துவர் கேட்கும்போது பெரும்பாலானோர் "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிடுகிறார்கள். உடனே ரத்த எண்ணிக்கையைப் பார்த்து அடுத்த சைக்கிளுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். நோட்டில் "இந்த முறை ஐந்து ரூபாயும் ஒரு ரூபாயும் வித்தியாசம் தெரியவில்லை" என்று இருந்தால் அவர் நின்று கவனிப்பார்.

அதே நோட்டில் ஒவ்வொரு சைக்கிளிலும் எத்தனை மில்லிகிராம் ஆக்ஸாலிபிளாட்டின் ஏறியது என்பதையும் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்து எழுதுங்கள். இது பின்னால் உதவும்.

படி 4: மருந்து ஏறும் நாள்

கீமோ வார்டில் ஏசி இருக்கும். முழுக்கைச் சட்டை, காலுறை, ஒரு சால்வை, ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோங்கள். ஏசி காற்று நேராக விழும் படுக்கையாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

வாய்ப்புண் வராமலிருக்க ஐஸ் துண்டு சப்பச் சொல்லும் பழக்கம் சில கீமோக்களில் உண்டு. ஆக்ஸாலிபிளாட்டின் ஏறும் நாளில் அது தொண்டை இறுக்கத்தைக் கிளப்பிவிடலாம். மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். மார்பகப் புற்றுநோய் கீமோவில் கைக்குக் குளிர்ந்த கையுறை போடுவதைப் பார்த்துவிட்டு இங்கும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது வேறு வகை மருந்துக்கானது. இங்கே குளிர்தான் உடனடித் தொந்தரவையே தூண்டுகிறது.

ஏறும்போது தொண்டை அடைப்பது போலவோ மூச்சு இழுக்க முடியாதது போலவோ இருந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் இது நரம்பின் உணர்வு மட்டும்தான். ஆக்ஸிஜன் அளவு சரியாக இருக்கும், சூடாக எதையாவது குடித்தால் மெல்ல அடங்கும். ஆனால் தோல் அரிப்பு, தடிப்பு, முகம் சிவப்பது, வீசிங் ஆகியவை சேர்ந்தால் அது ஒவ்வாமை. பல சைக்கிள் நன்றாகப் போன பிறகும் ஒவ்வாமை வரலாம். எது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். தொண்டை இறுக்கம் வந்தவர்களுக்கு அடுத்த முறை 2 மணி நேரத்துக்குப் பதிலாக 6 மணி நேரம் மெதுவாக ஏற்றுவதுண்டு. அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து ரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்து கை வீங்கினால் அங்கே ஐஸ் வைக்கக் கூடாது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

படி 5: வீடு திரும்பிய பின் முதல் வாரம்

நம் ஊர் வெயிலில் குளிர் எங்கே இருக்கிறது என்று தோன்றும். இருக்கிறது. ஃபிரிட்ஜ் கைப்பிடி, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மோர், ஐஸ் போட்ட ஜூஸ், குளிர்ந்த எவர்சில்வர் டம்ளர், காலையில் வெறும் காலோடு மிதிக்கும் மார்பிள் தரை, ஏசி பஸ். மார்கழி மாதமென்றால் குழாய்த் தண்ணீரே போதும். ஊட்டி, கொடைக்கானல் அல்லது நுவரெலியாவில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

குறைந்தது 5 நாள், முடிந்தால் ஒரு வாரம், எல்லாவற்றையும் வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கும் தண்ணீர், வாய் கொப்பளிக்கும் தண்ணீர், குளிக்கும் தண்ணீர் எல்லாம். ஃபிரிட்ஜைத் திறக்கும் வேலையையும் பாத்திரம் கழுவும் வேலையையும் வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். முடியாவிட்டால் கையுறை. வீட்டுக்குள்ளும் செருப்பு. இதெல்லாம் உடனடித் தொந்தரவை மட்டும்தான் தடுக்கும். மெதுவாகச் சேரும் பாதிப்பை இது நிறுத்தும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். அதே சமயம் உடனடித் தொந்தரவு யாருக்குக் கடுமையாக வருகிறதோ அவர்களுக்குப் பின்னால் நிரந்தரப் பாதிப்பும் அதிகமாக வருவதை ஆய்வுகள் கவனித்திருக்கின்றன. அதனால் இது எத்தனை நாள் நீடித்தது என்பதையும் நோட்டில் எழுதுங்கள். முதல் சைக்கிளில் 3 நாளில் போனது நான்காவது சைக்கிளில் 12 நாள் நின்றால் அது மருத்துவர் அறிய வேண்டிய செய்தி.

படி 6: மறைக்காதீர்கள்

மரத்துப்போவதைச் சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்கள், நோய் திரும்பிவிடும் என்று பயந்து பலர் சொல்வதே இல்லை. பல அம்மாக்கள் பிள்ளைகளிடம்கூடச் சொல்வதில்லை. இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நடைமுறை வேறு. ஆக்ஸாலிபிளாட்டினைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ கூட ஃபைவ் எஃப்யூ அல்லது கேபசிட்டபின் தொடரும்; சிகிச்சை அறுந்துபோவதில்லை. அடிப்படைப் பலனில் பெரும் பங்கு அந்த மருந்துகளிலிருந்துதான் வருகிறது.

மருத்துவர்கள் ஏறக்குறைய இப்படித்தான் படிநிலை பிரிப்பார்கள். லேசாக மதமதவென்று இருக்கிறது, வேலைக்குத் தடையில்லை என்றால் முதல் நிலை, தொடர்வார்கள். சமைப்பது, பணம் எண்ணுவது, போனில் டைப் செய்வது சிரமமாகி, அடுத்த சைக்கிள் வரும்வரை அந்தச் சிரமம் போகவில்லை என்றால் இரண்டாம் நிலை. இங்கே அளவைக் குறைப்பார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய கீமோவில் சதுர மீட்டருக்கு 85 மில்லிகிராமிலிருந்து 75 ஆகவும், பரவிய நோயில் 65 ஆகவும் குறைப்பது மருந்தின் அதிகாரப்பூர்வக் குறிப்பிலேயே உள்ளது. சாப்பிட, உடுத்த, குளிக்கவே உதவி வேண்டும் என்றால் மூன்றாம் நிலை, ஆக்ஸாலிபிளாட்டினை நிறுத்துவார்கள். நாம் சொல்ல வேண்டிய நேரம் இரண்டாம் நிலை தொடங்கும்போதே. மூன்றாம் நிலைக்குக் காத்திருந்தால் தாமதம்.

உடனே சொல்ல வேண்டிய சில அறிகுறிகள்: சைக்கிளுக்கு நடுவிலும் விடாத மரமரப்பு, செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடப்பது, இருட்டில் தள்ளாடுவது, கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வது.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். கேபசிட்டபின் சாப்பிடுபவர்களுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரியும். இது நரம்புப் பாதிப்பு அல்ல. கை கால் தோல் பாதிப்பு. இரண்டும் ஒரே ஆளுக்கு வரலாம், வைத்தியம் வேறு வேறு. இந்தத் தோல் பாதிப்பைத் தடுக்க டெல்லி எய்ம்ஸில் 264 நோயாளிகளிடம் டைக்ளோஃபெனாக் ஜெல்லைச் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். நடுத்தர, கடுமையான பாதிப்பு 15 சதவீதத்திலிருந்து 3.8 சதவீதமாகக் குறைந்தது. உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் மரத்துப்போவதற்கு இந்த ஜெல் உதவாது.

படி 7: "நரம்பு மாத்திரை" விஷயத்தில் எச்சரிக்கை

கீமோ நோயாளியின் மருந்துப் பையில் பெரும்பாலும் ஒரு நரம்பு மாத்திரை இருக்கும். என்னென்ன சோதிக்கப்பட்டன என்று பார்த்தால் மனசு சோர்ந்துபோகும். கால்சியம், மெக்னீசியம் ஊசி பல வருடம் உலகம் முழுக்கப் போட்டார்கள். 353 பேரிடம் முறையாகச் சோதித்து 2014-இல் வெளியான ஆய்வில் பலன் இல்லை. வைட்டமின் ஈ-யிலும் இல்லை. நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரீகாபலினை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்ததிலும் இல்லை. ஜப்பானில் கோஷாஜின்கிகன் என்ற மூலிகைக் கலவையைச் சோதித்து, பலனில்லை என்று தெரிந்ததும் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள்.

சில மாத்திரைகள் கெடுதலே செய்யலாம். அசிட்டைல் எல் கார்னிடைன் 409 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 2013-இல் வெளியான முடிவு, சாப்பிட்டவர்களுக்கு நரம்புப் பாதிப்பு அதிகமானது என்று காட்டியது. நரம்புக்கான கூட்டு மாத்திரைகள் சிலவற்றில் இது இருக்கும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பைரிடாக்சின் என்ற பி6 அதிக அளவில் நெடுநாள் உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். ஃபோலிக் அமிலம் கேபசிட்டபினின் பக்க விளைவுகளைக் கூட்டும். சத்து மாத்திரை என்ற பெயரில் அதுவும் வரும்.

சித்த, ஆயுர்வேத மருந்து எடுப்பவர்கள் அதையும் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். குறிப்பாகப் பற்பம், செந்தூரம் போன்ற உலோகம் சேர்ந்தவை. ஈயமும் பாதரசமும் ஆர்சனிக்கும் நரம்பைத் தாக்கக் கூடியவை. ஏற்கெனவே பிளாட்டினம் ஏறிக்கொண்டிருக்கும் உடம்பு அது.

படி 8: உடற்பயிற்சி

மாத்திரைகள் தோற்ற இடத்தில் நம்பிக்கை தரும் செய்தி இங்கிருந்து வந்தது. ஜெர்மனியில் ஆக்ஸாலிபிளாட்டின் அல்லது வின்கா வகை மருந்து (நரம்பைப் பாதிக்கும் இன்னொரு கீமோ வகை) பெறும் 158 பேரிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வு. வாரம் 2 முறை சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் 30 சதவீதம் பேருக்கு நரம்புப் பாதிப்பு வந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு வந்தது. சிறிய ஆய்வுதான், இன்னும் பல ஆய்வுகள் வர வேண்டும். ஆனால் செலவில்லாதது, கீமோவோடு மோதாதது. நான் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

முதல் சைக்கிளிலிருந்தே தொடங்குங்கள், மரத்த பிறகு அல்ல. சமையல் மேடையையோ சுவரையோ ஒட்டி நின்றுகொள்ளுங்கள். பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும். முதலில் இரண்டு பாதங்களையும் சேர்த்து 20 விநாடி நில்லுங்கள். பிறகு ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரலைத் தொடும்படி முன்னும் பின்னுமாக வைத்து நில்லுங்கள். பிறகு ஒற்றைக் கால். இது எளிதானதும் மடித்த போர்வை மேல் நின்று செய்யுங்கள். நடுநடுவே ஓய்வு எடுத்துக்கொண்டு 15 முதல் 30 நிமிடம் போதும். இதற்கு மேல், முடிந்த நாளெல்லாம் நடை.

அறுவை சிகிச்சைக் காயம் ஆறாதவர்கள், வயிற்றில் ஸ்டோமா பை (மலம் சேரும் பை) உள்ளவர்கள், பிளேட்லெட் மிகக் குறைந்தவர்கள் பிசியோதெரபிஸ்டிடம் ஒரு முறை கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். ஃபால்ஃபாக்ஸ் பம்ப் மாட்டியிருக்கும் 2 நாள் விட்டுவிடலாம்.

படி 9: மரத்துப்போன பின் வீட்டில் பாதுகாப்பு

காலில் உணர்வு குறைந்தால் காயம் தெரியாது. இரவில் படுக்கும் முன் உள்ளங்காலைப் பாருங்கள், அல்லது யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கோயில் பிராகாரத்தில் உச்சி வெயிலில் வெறும் காலோடு நடப்பதைத் தவிர்த்து, காலையிலோ மாலையிலோ போங்கள். பின்பக்கம் வார் உள்ள மென்மையான எம்சிஆர் (மென் ரப்பர்) செருப்பு நல்லது. குளிக்கும் தண்ணீரின் சூட்டை விரலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். வெந்நீர்ப் பை ஒத்தடம் வேண்டாம். கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு வையுங்கள். பிரேக்கை மிதிப்பது காலுக்குத் தெளிவாகத் தெரியாதவரை வண்டி ஓட்ட வேண்டாம்.

ஸ்டோமா உள்ளவர்களுக்கு விரல் மரத்தால் பை வெட்டுவதும் ஒட்டுவதும் கஷ்டம். முன்பே அளவாக வெட்டி வரும் பைகள் கிடைக்கின்றன. ஸ்டோமா நர்ஸிடம் கேளுங்கள். வீட்டில் இன்னொருவரும் கீமோ நடக்கும்போதே இதைப் பழகிக்கொள்வது நல்லது.

வலியும் எரிச்சலும் இருந்தால் அதற்கு ஆதாரமுள்ள மருந்து டுலாக்செட்டின். 2013-இல் வெளியான 231 பேர் ஆய்வில் இதை எடுத்தவர்களில் 59 சதவீதம் பேர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 38 சதவீதம். ஒரு வாரம் 30 மில்லிகிராம், பிறகு 60 மில்லிகிராம் என்பது அந்த ஆய்வின் முறை. கல்லீரல் நோய், கண் அழுத்த நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். திடீரென நிறுத்தவும் கூடாது. இது வலிக்கான மருந்து. மரத்த உணர்வைத் திருப்பித் தருவதற்கோ முன்கூட்டியே தடுப்பதற்கோ இதை எடுப்பதில்லை.

படி 10: கடைசிச் சைக்கிளுக்குப் பின்

இது தெரியாமல் பயந்துபோகும் குடும்பங்கள் அதிகம். ஆக்ஸாலிபிளாட்டின் நின்ற பிறகும் 2 முதல் 6 மாதம் வரை மரமரப்பு கூடிக்கொண்டே போகலாம். நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. நரம்பு முடிச்சில் படிந்த பிளாட்டினம் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதன் பிறகு பெரும்பாலானோருக்கு மெல்ல மெல்லக் குறையும். 2004-இல் வெளியான மொசைக் ஆய்வில், 6 மாத ஃபால்ஃபாக்ஸின்போது 12.4 சதவீதம் பேருக்குக் கடுமையான பாதிப்பு இருந்தது. ஓராண்டு கழித்து அந்த அளவில் இருந்தவர்கள் சுமார் 1 சதவீதம். லேசான மரமரப்பு மட்டும் சிலருக்கு வருடக்கணக்கில் தங்கும். முன்னேற்றம் கையைவிடக் காலில் தாமதமாகத்தான் தெரியும். ஒரே பக்கக் கை கால் மட்டும் செயலிழப்பது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது, கால் தூக்க முடியாமல் போவது என்று வந்தால் அது இந்தக் கணக்கில் சேராது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்த மாதங்களிலும் சமநிலைப் பயிற்சியை விடாதீர்கள். சர்க்கரையையும் பி12-ஐயும் தொடர்ந்து பாருங்கள். நாணயச் சோதனையை மாதம் ஒரு முறை செய்து எழுதுங்கள்.

கீமோ முடிந்ததும் அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அதன் கடைசிப் பக்கத்தில் ஆக்ஸாலிபிளாட்டின் மொத்தம் எவ்வளவு ஏறியது, கடைசி சைக்கிள் எந்தத் தேதி, அப்போது விரல்கள் எந்த நிலையில் இருந்தன என்று எழுதி, மருத்துவக் கோப்போடு சேர்த்து வையுங்கள். சில வருடம் கழித்து மறுபடி இந்த மருந்து தேவைப்பட்டால், அதை மீண்டும் கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்யும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.